பவர்டு புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்: என்ன கேட்கிறது, எங்கே தேடுவது

ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கிறது, வயரைச் செருகினால் பாடும் என்று கடைக்காரர் சொன்னது உண்மைதான். பாடாவிட்டாலோ, பாட்டோடு சேர்ந்து வேறு ஏதாவது கேட்டாலோ என்ன செய்வது என்பதற்குத்தான் இந்தக் குறிப்பு. உங்கள் தொந்தரவு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அதற்கு முன் இரண்டு பத்தி மட்டும் படித்துவிடுங்கள்.

புது ஸ்பீக்கரில் வரும் தொந்தரவு பெரும்பாலும் ஸ்பீக்கருக்கு வெளியேதான் இருக்கும். அதனால் புது கேபிள், புது டேக் (டிஜிட்டல் சிக்னலை ஸ்பீக்கருக்கு ஏற்ற ஆடியோ சிக்னலாக மாற்றும் சின்னப் பெட்டி) என்று காசை எடுக்கும் முன் கோளாறு எந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டு கேள்வி போதும். ஒன்று, வால்யூம் நாபைத் திருப்பினால் அந்த வேண்டாத சத்தமும் கூடிக் குறைகிறதா? கூடிக் குறைந்தால் அது நாபுக்கு முன்னால், அதாவது கம்ப்யூட்டர், டிவி, கேபிள் வழியாக வருகிறது. நாபை எங்கே வைத்தாலும் ஒரே அளவில் இருந்தால் ஆம்ப் அல்லது கரண்ட் பக்கம் பாருங்கள். இரண்டு, இடது வலது வயர்களை மாற்றிச் செருகினால் கோளாறும் பக்கம் மாறுகிறதா? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் சரியாகும், ஆனால் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த மாதம் திரும்ப வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பெட்டி இரண்டு இருந்தாலும் பெரும்பாலான மாடல்களில் ஆம்ப் ஒன்றில்தான் இருக்கும். எடிஃபையர் ஆர்1280டிபியில் அது வலது பெட்டி, ஆடியோஎன்ஜின் ஏ2 பிளஸ்ஸில் இடது பெட்டி. மற்றது வெறும் ஸ்பீக்கர். முதல் பெட்டியிலிருந்து ஒரு வயர் போய் அதைப் பாட வைக்கிறது. இனிமேல் தாய்ப்பெட்டி, துணைப்பெட்டி என்று சொல்கிறேன்.

சத்தமே வரவில்லை

விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லையென்றால் பின்பக்கம் தனியாக ஒரு மெயின் ஸ்விட்ச் இருக்கும். ரிமோட்டை எத்தனை முறை அழுத்தினாலும் அதைப் போடாமல் உயிர் வராது. எரிகிறது என்றால் அடுத்தது இன்புட். புளூடூத், ஆக்ஸ் (சாதாரண ஆடியோ வயர்), ஆப்டிகல் (ஒளி வழியாகச் சத்தம் போகும் கேபிள்) ஒவ்வொன்றுக்கும் விளக்கு நிறம் மாறும். நீங்கள் வயரைச் செருகியது ஒன்றில், ஸ்பீக்கர் காது கொடுத்துக்கொண்டிருப்பது வேறொன்றில் என்பது தினமும் நடக்கிற கதை.

இன்புட்டும் சரி என்றால் பழைய ரேடியோ மெக்கானிக் செய்கிற வேலையைச் செய்யுங்கள். வால்யூமை நன்றாகக் குறைத்து வைத்து, கேபிளைக் கம்ப்யூட்டரிலிருந்து மட்டும் கழற்றி, அந்த முனையின் நுனியை விரலால் தொடுங்கள். இப்போது வால்யூமை மெல்ல ஏற்றினால் "ம்ம்ம்" என்று கேட்க வேண்டும். கேட்டால் கேபிள், இன்புட், ஆம்ப், ஸ்பீக்கர் எல்லாம் நலம்; குற்றம் கம்ப்யூட்டரில். கேட்கவில்லையென்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். இந்தச் சோதனை ஆக்ஸ் வயருக்கும் ஆர்சிஏ (சிவப்பு, வெள்ளை பிளக் உள்ள) வயருக்கும் மட்டும்.

கம்ப்யூட்டர் பக்கம் குற்றம் என்றால் முதல் சந்தேகம் மானிட்டர் மேல்தான். ஹெச்டிஎம்ஐ அல்லது டிஸ்ப்ளேபோர்ட் வழியாக மானிட்டரை இணைத்ததும் விண்டோஸ் சத்தத்தை அங்கே திருப்பிவிடும், அந்த மானிட்டரில் ஸ்பீக்கரே இல்லாவிட்டாலும்கூட. டாஸ்க்பாரில் வால்யூம் படத்தைச் சொடுக்கி, அவுட்புட் பட்டியலில் சரியானதைத் தேர்ந்தெடுங்கள். டெஸ்க்டாப் என்றால் பின்பக்கப் பச்சைத் துளைதான் லைன் அவுட், அதாவது சத்தம் வெளியே வரும் துளை. பக்கத்திலிருக்கும் நீலம் உள்வாங்குவது, இளஞ்சிவப்பு மைக்.

டிவியிலிருந்து ஆப்டிகல் கேபிளில் சத்தம் வராததற்கு இரண்டே காரணம் அடிக்கடி வரும். புது கேபிளின் இரண்டு நுனியிலும் கண்ணாடி போன்ற சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்றாமல் செருகினால் சரியாக உட்காராது. கழற்றிவிட்டு ஒரு முனையை டிவியில் செருகி மறுமுனையைப் பாருங்கள், சிவப்பாக ஒளிர வேண்டும். ஒளிர்கிறது, ஆனாலும் சத்தம் இல்லை, அல்லது "டர்ர்" என்று உறுமுகிறது என்றால் டிவி டால்பி என்ற சுருக்கிய சிக்னலை அனுப்புகிறது. இந்த வகை ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவைக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. டிவியின் சவுண்ட் செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்புட் என்று ஒன்று இருக்கும். அதை 'ஆட்டோ'விலிருந்து 'பிசிஎம்'முக்கு (சுருக்காத சாதாரண சிக்னல்) மாற்றினால் தீர்ந்தது. செட்டாப் பாக்ஸிலும் இதே செட்டிங் தனியாக உண்டு. ஒரு சில சேனலில் மட்டும் சத்தம் வராவிட்டால் அங்கே பாருங்கள்.

ஒரு பக்கம் மட்டும் பாடுகிறது

கம்ப்யூட்டரிலிருந்து வரும் சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ பிளக்குகளைத் தாய்ப்பெட்டியில் ஒன்றுக்கொன்று மாற்றிச் செருகுங்கள். ஊமையான பக்கமும் மாறினால் கோளாறு கேபிளிலோ கம்ப்யூட்டரிலோ. மாறாமல் துணைப்பெட்டியே ஊமையாக இருந்தால் இரண்டு பெட்டிக்கும் இடையே உள்ள வயரைப் பாருங்கள். கிளிப்பில் செருகும் வகை என்றால் செம்புக்குப் பதில் மேலுறையைக் கவ்வியிருக்கலாம். ஒரு சென்டிமீட்டர் உறையை உரித்து மறுபடி செருகுங்கள். செம்பு இழை ஒன்றிரண்டு பிரிந்து பக்கத்துக் கிளிப்பைத் தொடாமல் முறுக்கிவிடுங்கள். தொட்டால் ஷார்ட் ஆகும். வயர் வேலையைத் தாய்ப்பெட்டியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் செய்ய வேண்டும்.

போனில் மட்டும் இப்படி என்றால் அக்சஸிபிலிட்டி செட்டிங்கில் இடது-வலது பேலன்ஸ் ஓரமாக நகர்ந்திருக்கிறதா பாருங்கள். குழந்தைகள் கைக்குப் போன் போகும் வீடுகளில் இது நடக்கும்.

பாட்டு வருகிறது, பாடுபவரைக் காணோம்

கேட்பவரைக் குழப்பும் கோளாறு இதுதான். வயலின், கோரஸ், எதிரொலி எல்லாம் கேட்கும். நடுவில் இருக்க வேண்டிய குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வரும். காரணம் எளிது. குரலை இடது வலது இரண்டிலும் ஒரே அளவில் பதிவு செய்வார்கள். 3.5 மி.மீ. பிளக்கில் இரண்டு சேனலுக்கும் பொதுவான கிரவுண்டு (சிக்னல் திரும்பும் வழி) தொடர்பு விட்டுப்போனால், ஸ்பீக்கருக்குப் போவது இரண்டு சேனலுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும். இரண்டிலும் சமமாக இருந்த குரல் கழிந்துவிடுகிறது.

பிளக் முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். தடிமனான போன் கவர் பிளக்கைத் தடுப்பது வழக்கம். மைக்கோடு வரும் ஹெட்செட்டின் பிளக்கில் மூன்று கறுப்பு வளையம் இருக்கும், சாதாரண ஆக்ஸ் பிளக்கில் இரண்டுதான். மூன்று வளையக் கேபிளை ஸ்பீக்கருக்குப் போட்டாலும் இதே தொல்லை வரலாம். இரண்டு வளைய ஸ்டீரியோ கேபிள் என்று கேட்டு வாங்குங்கள்.

"ம்ம்ம்" என்ற ஹம், "விர்ர்" என்ற இரைச்சல்

இதற்குத்தான் ஆட்கள் அதிகம் செலவு செய்கிறார்கள், பெரும்பாலும் தேவையில்லாமல்.

முதலில் எல்லா இன்புட் கேபிளையும் தாய்ப்பெட்டியிலிருந்து கழற்றிவிடுங்கள். முனையைத் தொங்க விடாதீர்கள், தொங்கும் வயரே ஹம்மைப் பிடித்துக் கொடுக்கும். ஒன்றும் செருகாமலேயே இரைகிறதா? அப்படியென்றால் கரண்ட் அல்லது உள்ளே இருக்கும் பவர் சப்ளை. நம் வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதை டிசியாக மாற்றிய பிறகு மிஞ்சும் அதிர்வு 100 ஹெர்ட்ஸ். பல வருடம் ஓடிய ஸ்பீக்கரில் ஃபில்டர் கபாசிட்டர் காய்ந்துபோனால் அந்த 100 ஹெர்ட்ஸ் இரைச்சல் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே வரும். இது சர்வீஸ் வேலை. பெரிய செலவில்லை.

ஆனால் அதற்கு முன் மின்விசிறி ரெகுலேட்டரைத் திருப்பிப் பாருங்கள். படிப்படியாக இல்லாமல் வழுக்கிக்கொண்டே திரும்பும் டிம்மர் வகை ரெகுலேட்டர், கரண்டின் ஒவ்வொரு அலையையும் நடுவில் வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கிறது; அந்த வெட்டு ஸ்பீக்கரில் விர்ரென்று கேட்கும். விசிறி முழு வேகத்தில் ஓடும்போது இரைச்சல் குறைந்தால் குற்றவாளி அதுதான். ஐந்து படி வைத்த கபாசிட்டர் வகை ரெகுலேட்டரை மாற்றிப் போடுங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் இரைகிறது என்றால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும். அதற்கு ஸ்பீக்கரில் மருந்தில்லை, சைன் வேவ் இன்வெர்ட்டர்தான் வழி.

கேபிளைக் கழற்றியதும் அமைதியாகிவிட்டது என்றால் ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகுங்கள். எதைச் செருகியதும் வருகிறதோ அங்கே நிறுத்துங்கள்.

லேப்டாப் என்றால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பேட்டரியில் ஓடும்போது அமைதி, சார்ஜர் போட்டால் இரைச்சல் என்பது அடிக்கடி பார்க்கிற ஜோடி. லேப்டாப்பின் உலோகப் பகுதியில் கை வைத்தால் இரைச்சல் குறைகிறதா? லேசாகச் சுறுசுறுவென்றும் இருக்கிறதா? அப்படியானால் சார்ஜரில் எர்த் இல்லை, அல்லது உங்கள் சுவர் பிளக்கின் மூன்றாவது துளைக்குப் பின்னால் எர்த் வயரே இல்லை. பழைய வீடுகளில் இது சகஜம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஸ்பீக்கருக்காக இல்லாவிட்டாலும் இது செய்ய வேண்டிய வேலை.

எர்த் இருந்தும் ஹம் வருவது இன்னொரு வகை. டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் மூன்று பின் பிளக் வழியாக எர்த் ஆகியிருக்கும். அதே ஸ்பீக்கரில் செட்டாப் பாக்ஸையும் செருகுகிறீர்கள். அதன் கேபிள் டிவி வயர் தெருவில் வேறெங்கோ எர்த் ஆகியிருக்கும். இரண்டு எர்த்தும் ஒரே அளவில் இருக்காது. அந்த வித்தியாசத்தால் ஆடியோ கேபிளின் மேலுறை வழியாக ஒரு சின்ன கரண்ட் சுற்றி ஓடும், அதுதான் ஹம். கிரவுண்டு லூப் என்பது இதைத்தான். செட்டாப் பாக்ஸின் பின்னாலிருந்து அந்தத் திருகு வயரை மட்டும் கழற்றுங்கள். ஹம் நின்றால் சந்தேகமே வேண்டாம்.

இதைத் தீர்க்க எல்லா பிளக்கையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குக் கொண்டுவாருங்கள், முதலில் அது போதுமா என்று பார்க்கலாம். போதவில்லையென்றால் டிவியை ஆப்டிகலுக்கு மாற்றுங்கள். ஒளி போகும் வயரில் கரண்ட் போகாது, லூப் அங்கேயே அறுந்தது. ஆப்டிகல் இல்லாத இடத்தில் கிரவுண்டு லூப் ஐசொலேட்டர் என்ற சின்ன டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியை ஆடியோ கேபிளின் நடுவில் போடலாம். மலிவானவற்றில் பாஸ் (கனமான கீழ்ச்சத்தம்) கொஞ்சம் மெலியும் என்பது மட்டும் குறை. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: மூன்றாவது பின்னை உடைப்பது, அல்லது எர்த்தைத் துண்டிக்க இரண்டு பின் அடாப்டர் போடுவது. ஹம் போகும். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் என்றைக்காவது கசிவு வந்தால் அது போக வழி உங்கள் கைதான்.

மவுஸை நகர்த்தும்போதும் கேம் ஓடும்போதும் "கீச் கீச்" என்றால் அது கம்ப்யூட்டரின் உள்சத்தம். முன்பக்க ஹெட்போன் துளையை விட்டுப் பின்பக்க லைன் அவுட்டுக்கு மாறுங்கள். அதிலும் வந்தால் மதர்போர்டில் ஆப்டிகல் அவுட் இருக்கிறதா பாருங்கள். யுஎஸ்பி டேக் உதவலாம், ஆனால் யுஎஸ்பி வழியாகவும் கிரவுண்டு வருகிறது என்பதை மறக்க வேண்டாம்.

"ஸ்ஸ்ஸ்" என்ற மெல்லிய ஒலி

ட்வீட்டரில் (மேல்ஸ்தாயி சத்தம் தரும் சின்ன ஸ்பீக்கர்) காதை வைத்தால் கேட்கிறது, உட்காரும் இடத்தில் கேட்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். எல்லா ஆம்ப்பிலும் அது உண்டு. உட்காரும் இடத்திலும் கேட்டால் வால்யூம் தப்பான இடத்தில் இருக்கிறது. விண்டோஸில் 20 வைத்து ஸ்பீக்கர் நாபை முழுதாகத் திருப்பினால் பாட்டோடு சேர்த்து இரைச்சலையும்தான் பெருக்குகிறீர்கள். கம்ப்யூட்டரையும் போனையும் 80க்கு மேல் வைத்து, மீதியை ஸ்பீக்கர் நாபில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரகர, படபட

நாபைத் திருப்பும்போது மட்டும் கரகர என்றால் உள்ளே தூசி. பிளக்கைப் பிடுங்கிவிட்டு நாபை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இருபது முப்பது தடவை திருப்பினாலே பாதி சரியாகும். மீதிக்குக் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே. கடலோர ஊர்களில் ஆர்சிஏ பிளக்கில் பச்சை பூப்பதும் இதே சத்தம் தரும், துடைத்துத் திருகிச் செருகுங்கள்.

சத்தமாக வைக்கும்போது மட்டும் உடைகிறது என்றால் முதலில் ஈக்குவலைசரை மூடுங்கள். போனில் பாஸ் பூஸ்ட், விண்டோஸில் என்ஹான்ஸ்மென்ட், ஸ்பீக்கரில் பாஸ் நாப் என்று மூன்று இடத்தில் ஏற்றி வைத்தால் நாலு அங்குல வூஃபர் (பாஸ் தரும் பெரிய ஸ்பீக்கர்) என்ன செய்யும்? எல்லாவற்றையும் நடுவில் வைத்த பிறகும் மெல்லிய சத்தத்திலேயே உரசுகிறது என்றால், கரண்டை அணைத்துவிட்டு வூஃபர் கூம்பின் இரண்டு பக்கமும் விரல்களைச் சமமாக வைத்து மெல்ல அழுத்துங்கள். மணல் உரசுவது போல் இருந்தால் வாய்ஸ் காயில் (கூம்பை அசைக்கும் கம்பிச் சுருள்) கோணிவிட்டது, யூனிட்டை மாற்ற வேண்டும். ட்வீட்டரின் பட்டு மூடியை மட்டும் தொடவே தொடாதீர்கள்.

அதிர்வது ஸ்பீக்கர்தான் என்று முடிவு கட்டும் முன் மேஜையில் பேனா ஸ்டாண்ட், பக்கத்தில் கண்ணாடி ஜன்னல், பீரோ மேல் எவர்சில்வர் பாத்திரம் எல்லாவற்றையும் ஒரு முறை கையால் அழுத்திப் பிடித்துப் பாருங்கள்.

தானாக அணைகிறது, முதல் சொல்லை விழுங்குகிறது

கொஞ்ச நேரம் சிக்னல் இல்லையென்றால் தூங்கிப்போகும் வசதி பல மாடல்களில் உண்டு. திரும்ப எழுந்திருப்பதற்குள் முதல் சொல் போய்விடும். கம்ப்யூட்டர் வால்யூம் ரொம்பக் குறைவாக இருந்தால் பாடிக்கொண்டிருக்கும்போதே சிக்னல் இல்லை என்று ஸ்பீக்கர் நினைத்துவிடும். மேலே சொன்ன அதே 80 கணக்கு இங்கும் மருந்து. பின்பக்கம் ஆட்டோ ஸ்டாண்ட்பை ஸ்விட்ச் இருந்தால் அணைத்து வைக்கலாம்.

வாய் ஒரு நேரம், சத்தம் ஒரு நேரம்

புளூடூத். போனில் வீடியோ பார்க்கும்போது பல ஆப்கள் படத்தையும் தாமதப்படுத்திச் சமாளித்துவிடும். கேமும் பல டிவிகளும் அதைச் செய்வதில்லை. புளூடூத்தில் 100 முதல் 250 மில்லி விநாடி வரை தாமதம் சாதாரணம், அதனால் டிவிக்கும் கேமுக்கும் வயர்தான். விட்டு விட்டு வருகிறது என்றால் வைஃபை ரூட்டரைத் தள்ளி வையுங்கள், வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க்குக்குப் பக்கத்தில் புளூடூத் டாங்கிளைச் செருகியிருந்தால் அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸில் தொல்லை தரும். ஒரு சின்ன நீட்டிப்பு வயர் போட்டு விலக்குங்கள்.

எல்லாம் சரி, ஆனாலும் பாட்டு நன்றாக இல்லை

வயரை விட்டுவிட்டு இடத்தைப் பார்க்க வேண்டிய நேரம் இது. விலை உயர்ந்த கேபிள் தராத மாற்றத்தை அரை அடி நகர்த்தல் தரும்.

முதலில் போலாரிட்டி. துணைப்பெட்டி வயரில் சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தால் ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போகும். பாஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். செய்தி வாசிப்பவரின் குரலைப் போட்டு இரண்டுக்கும் நடுவில் உட்காருங்கள். குரல் நேர் நடுவிலிருந்து வர வேண்டும். தலையைச் சுற்றி எங்கிருந்தோ வருகிறது என்றால் ஒரு முனையில் மட்டும் வயரை மாற்றுங்கள்.

அப்புறம் முக்கோணம். இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே எவ்வளவு தூரமோ, அதே தூரம் ஒவ்வொன்றிலிருந்தும் உங்கள் காதுக்கு. நாலடி மேஜையில் ஒரு மீட்டர் இடைவெளி வசதியாக வரும். ட்வீட்டர் காது உயரத்தில் இருக்க வேண்டும். மேஜையில் அப்படியே வைத்தால் அது உங்கள் நெஞ்சைப் பார்த்துப் பாடும். இரண்டு செங்கலைத் துணியில் சுற்றி அடியில் வைத்தாலும் போதும், அல்லது முன்பக்கம் உயர்த்திச் சாய்த்து வையுங்கள். மேஜையின் முன்விளிம்பை ஒட்டி வைத்தால் பலகையில் பட்டு எகிறும் சத்தம் குறைந்து குரல் தெளியும்.

பாஸ் கொழகொழவென்று இருந்தால் சுவரிலிருந்து விலக்குங்கள். பின்பக்கம் ஓட்டை உள்ள பெட்டிக்குக் குறைந்தது 15 முதல் 20 செ.மீ. விடுங்கள். பின்சுவர், பக்கச்சுவர், மேஜை ஒவ்வொன்றும் பாஸைக் கூட்டும். மூலையில் வைத்தால் மிருதங்கத்தின் தொப்பி மட்டும் கேட்டு வலந்தலை மறைந்துவிடும். நகர்த்த இடமே இல்லையென்றால் அந்த ஓட்டையில் ஒரு சாக்ஸைச் சுருட்டிச் செருகுங்கள், வேடிக்கையாகத் தெரிந்தாலும் வேலை செய்யும்.

பாஸே இல்லை என்பவர்கள் பாட்டை ஓடவிட்டு அறையைச் சுற்றி நடங்கள். சுவரோரம் நின்றால் பாஸ் கொட்டுகிறது, நாற்காலியில் இல்லை என்றால் ஸ்பீக்கரைக் குறை சொல்லிப் பயனில்லை. பத்தடி நீள அறையில் சுமார் 56 ஹெர்ட்ஸில் ஒரு நிலை அலை (சுவர்களுக்கு நடுவே நகராமல் நின்று ஆடும் அலை) உருவாகும். அறையின் நட்டநடுவில் அது ஏறக்குறைய பூஜ்யம். நாற்காலியை ஒரு அடி முன்னேயோ பின்னேயோ தள்ளுங்கள்.

நம் ஊர் அறைகளில் டைல்ஸ் தரை, கான்கிரீட் சுவர், மேலே வெறும் சீலிங். கையைத் தட்டினால் "டிங்" என்று நீளும் அறையில் எந்த ஸ்பீக்கரும் கூசத்தான் செய்யும். கனமான திரைச்சீலை, தரையில் ஜமுக்காளம், பின்னால் ஒரு மெத்தையோ புத்தக அலமாரியோ வந்தால் ட்ரெபிள் நாபைக் குறைக்க வேண்டிய அவசியமே இருக்காது.

எப்போது திறக்கக் கூடாது

கருகல் வாடை, தொட முடியாத சூடு, ஆன் செய்யும்போது வூஃபர் ஒரேயடியாக வெளியே தள்ளி அங்கேயே நிற்பது: இந்த மூன்றில் எது வந்தாலும் பிளக்கைப் பிடுங்குங்கள். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பெட்டி என்றால் செருகும் முன்பே பின்னால் எழுதியிருப்பதைப் படியுங்கள். 120 வோல்ட் மட்டும் என்று இருந்தால் நம் 230 வோல்ட்டில் ஒரே நொடியில் போய்விடும். சர்வீஸுக்குக் கொண்டுபோகும்போது தாய்ப்பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். துணைப்பெட்டி, இடையே உள்ள வயர், ரிமோட் எல்லாம் சேர்ந்து போக வேண்டும். கோளாறு எப்போது வருகிறது, நாபைத் திருப்பினால் மாறுகிறதா என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் மெக்கானிக்குப் பாதி வேலை மிச்சம்.